மகாராணிக்கு வெந்நீர்

1

இந்தக் கதை எனக்குச் சத்தமாகத்தான் வந்தது. அதற்கு முகம் இல்லை.

குளிர்காலம் முழுவதும் தனியாக இருந்து எழுதலாம் என்று ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் என் கோட், மேசை, கட்டில். விடிந்தும் விடியாத ஒரு காலையில் கம்பளிக்குள் கிடந்தபடி கேட்டேன். கீழே எங்கேயோ ஒரு ஆணும் பெண்ணும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அது தேய்ந்து ஓயவில்லை, நடுவிலேயே அறுந்தது. வெகுநேரம் கழித்து ஒரு பழைய இன்ஜினை யாரோ கையால் சுற்றும் சத்தம். கரகர, ஒரு இருமல், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி கரகர, இருமல், ஒன்றுமில்லை.

அதைக் கேட்டபடியே தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் வந்திருந்தது. முற்றங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. கிளம்பியதா, கிளம்பவில்லையா என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் கிடைத்திருக்கும், நீங்களும் இதைப் படிக்க வேண்டியிருக்காது.

2

முதல் தொடக்கம்: "பனி வெண்பட்டாக விரிந்திருந்த அந்த வைகறையில்" [நிறுத்தினேன். பனியைப் பட்டு என்று சொல்கிறவளுக்கு விரல் மரத்ததே இல்லை என்று அர்த்தம்.]

இரண்டாவது: "அவன் தன் டிராக்டரை உயிராக நேசித்தான். அதைவிட அதிகமாக" [அதைவிட அதிகமாக யாரை என்று எழுதப்போய் நிறுத்தினேன். முதல் வரியிலேயே ஒருவனின் நெஞ்சைத் திறந்து பார்ப்பது அநாகரிகம்.]

மூன்றாவது: "அவள் அன்றைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது."

இதை வைத்துக்கொண்டேன்.

3

அவள் தையற்காரி. அவன் டிராக்டர்காரன், உழவுக் காலத்தில் மற்றவர்கள் நிலத்தை உழுது கொடுப்பான், குளிர்காலத்தில் விறகு ஏற்றுவான். கல்யாணமாகி நெடுங்காலமாயிற்று. இருவர்தான். [வெளியூரில் ஒரு மகள் இருப்பதாக முதலில் எழுதியிருந்தேன். அவள் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தாள். கதையை விட்டு அனுப்பிவிட்டேன்.]

இலைகள் உதிரும் சமயத்தில் ஒரு நாடகக் கம்பெனி அந்தப் பக்கம் வந்தது. ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் திரை கிழிந்துவிட, யாரோ இவளைக் கூட்டிப்போனார்கள். மேடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தைத்தாள். தைத்து முடித்த பிறகும் எழுந்து வரவில்லை. திரைக்குப் பின்புறமிருந்தே, நடிகர்களின் முதுகைப் பார்த்தபடி, நாடகம் முழுவதையும் பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் கம்பெனி இப்போது கூப்பிட்டிருக்கிறது. உடைகள் தைக்க ஆள் வேண்டும், கூடவே ஊர் ஊராக வர வேண்டும். பனிக்காலத்தில் பெரிய சாலைக்கு வாரத்துக்கு ஒரு பஸ்தான் வரும். இன்றைக்கு அதை விட்டால் கம்பெனி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டுவிடும். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க முடியாது. அந்தப் பாதையில் டிராக்டர் ஒன்றுதான் போகும்.

அவள் விஷயத்தைச் சொன்ன அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க குளிருமா?" என்றான்.

"ஊர் ஊராப் போறவங்களுக்கு எங்க குளிரும்னு எப்படிச் சொல்றது?"

"அதுவும் சரிதான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தான், பெட்டியின் பூட்டைச் சரிசெய்தான். போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது அனுமதி அல்ல. [இந்த வரியை அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.] போகாதே என்றால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். போ என்றால் அழுதுவிட்டுப் போகலாம். ஒன்றுமே சொல்லாதவனை விட்டு எப்படிக் கிளம்புவது? சாத்தியும் சாத்தாமலும் கிடக்கிற கதவை ஒருத்தி எதைச் சொல்லித் தாண்டுவாள்?

4

குளிரில் பழைய டிராக்டரைக் கிளப்புவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்.

முந்தின மாலையே ரேடியேட்டர் தண்ணீரை அதன் அடியில் இருக்கிற வடிகுழாய் வழியாக வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். காலையில் இன்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டில் தணல் வைத்தால் இறுகிப்போன எண்ணெய் இளகும். பிறகு ஒரு அண்டா வெந்நீர். மேலே ஊற்றும்போது அந்த வடிகுழாய் திறந்தே இருக்க வேண்டும். முதலில் கீழே வருகிற தண்ணீர் சில்லென்றிருக்கும். அது கையில் சுடத் தொடங்கினால் இரும்புக்குள் சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது குழாயை மூடிவிட்டு, மீதி வெந்நீரால் நிரப்ப வேண்டும்.

இந்த வீட்டில் அவன்தான் மேலே ஊற்றுவான். அவள் கீழே குனிந்து வருகிற தண்ணீரில் உள்ளங்கையைக் காட்டுவாள். "சுடுது" என்பாள். மூடுவாள். எத்தனையோ குளிர்காலங்களாக இப்படித்தான்.

டிராக்டரை அவன் மகாராணி என்றுதான் சொல்லுவான்.

"மகாராணிக்கு வெந்நீர் வந்தாச்சு" என்று அவள் அண்டாவை இறக்கினாள். "பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது வச்சுக் குடுத்திருப்பீங்களா?"

"நீ கேட்டதில்ல."

"அவ மட்டும் வாயைத் திறந்து கேட்டாளாக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். பயணத்துக்காக அவளே தைத்த நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். காலர் சற்றுப் பெரியது. [நாடகக்காரர்களைப் பார்த்துவிட்டு வைத்த காலர். இதை அவன் கவனித்தான் என்று எழுதலாமா? கவனித்தான்.]

"நீ குனியாத" என்றான். "கோட்டெல்லாம் கரியாயிடும். நீ மேல ஊத்து, நான் கீழ பாத்துக்கறேன்."

ஆக, அன்றைக்கு மட்டும் இடம் மாறிற்று. அவள் முக்காலி மேல் ஏறி ஊற்றினாள். அவன் குந்தி உட்கார்ந்து குழாயடியில் கையை வைத்தான். ஆவி எழுந்து அவர்களுக்கு நடுவில் நின்றது. சொம்பு சொம்பாக ஊற்றினாள். கொட்டகைத் தகரத்தில் ஒட்டியிருந்த பனி ஆவி பட்டுச் சொட்டத் தொடங்கியது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அண்டாவின் அடி தெரிந்தது.

"ஏங்க, இன்னுமா சுடல?"

"சுடுதே" என்றான் கீழேயிருந்து.

"சுடுதுன்னா மூட வேண்டியதுதானே?"

"நீ சொல்லலியே."

"நான் எப்படிச் சொல்லுவேன்? மேல நிக்கிறேன்!"

"அப்போ நான்தான் சொல்லணுமா?"

"கையை வச்சிருக்கிறது யாரு, மகாராணியா?"

கடைசி வெந்நீரும் வடிகுழாய் வழியாக ஓடி, பனியைக் குடைந்துகொண்டு அவன் பூட்ஸுக்கடியில் போயிற்று. அவன் உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது. அதை அப்படியே நீட்டியபடி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். முக்காலியிலிருந்து விழாமல் இருக்க அவள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாடி அறையில் எனக்குக் கேட்டது இந்தச் சிரிப்புதான் என்று வைத்துக்கொள்கிறேன். அது அறுந்தது பஸ் ஞாபகத்தில். இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்த ஞாபகம்.

அவள் அடுப்பை மறுபடி மூட்டப் போனாள். அவன் தொட்டியின் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுத்தான்.

* அவன் வேண்டுமென்றேதான் குழாயை மூடாமல் இருந்தானா? ஒரு பிரதியில் அப்படி எழுதினேன். படித்தால் அவன் வில்லனாகத் தெரிந்தான், அவள் ஏமாளியாகத் தெரிந்தாள். இன்னொரு பிரதியில் வெறும் மறதி. அது உண்மைக்குக் கிட்ட இருந்தாலும் உயிரில்லை. இப்போது நான் நம்புவது வேறு. அவள் ஊற்றுகிற வெந்நீர் அவன் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அது நின்றுவிட அவனுக்கு மனம் வரவில்லை. சுட்டது. சுடட்டும் என்று இருந்துவிட்டான். இதைத் தந்திரம் என்று சொல்வீர்களா, மறதி என்று சொல்வீர்களா?

5

இரண்டாவது அண்டா சரியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்து ஹேண்டில்.

இதற்கும் இரண்டு பேர் வேண்டும். முன்னால் நின்று அவன் இரண்டு கையாலும் ஹேண்டிலைச் சுற்றுவான். பக்கவாட்டில் ஒரு சின்ன லிவர் இருக்கிறது. அது தூக்கியிருக்கும்வரை இன்ஜின் சும்மா சுற்றும். சுற்றிச் சுற்றி வேகம் பிடித்ததும் அவன் "இப்போ!" என்பான். அவள் லிவரைக் கீழே தள்ளுவாள். சரியான நொடியில் தள்ளினால் பற்றிக்கொள்ளும். முந்தினால் முட்டி நிற்கும், பிந்தினால் சுற்றுகிறவன் கை ஓய்ந்துவிடும்.

கரகர. "இப்போ!" ஒரு இருமல்.

"சீக்கிரம் போட்டுட்ட."

"நீங்க மெல்ல சுத்துறீங்க."

"நானா மெல்ல சுத்துறேன்?"

"இந்த வேகத்துல சுத்தினா பஸ்ஸு போயிட்டுத் திரும்பியே வந்துடும்."

மறுபடி கரகர. "இப்போ!" கொஞ்சம் நீளமான இருமல், கறுப்பாக ஒரு பொட்டுப் புகை. அது கொட்டகைக் கூரைவரை போய் அங்கேயே தொங்கியது.

அவன் நிமிர்ந்து மூச்சு வாங்கினான். தன் தோளை ஒரு பார்வை பார்த்தான், அது யாருடைய தோள் என்பதுபோல. முழு பலத்தையும் போட்டானா? போட்டதாகத்தான் நினைத்தான். அவள் லிவரில் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். அவன் சொல்வதற்கு ஒரு இமைப்பொழுது முன்னாலேயே அவை நகர்ந்தன. முன்பெல்லாம் அவை அப்படி நகர்ந்ததில்லை. மிஷினைக் கட்டி வைத்திருப்பது யார்? நான். கோட்டைத் தைத்தது யார்? நான். அப்படியென்றால் இந்த விரல் யாருடையது?

அவனைச் சந்தேகிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன்னையே சந்தேகிக்க வேண்டியிருந்தது. அவனுக்கும் அப்படியே. ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்ல முடியாதபடி, பனிக்குள் இரண்டு பேர், ஒரு இயந்திரத்தின் இரண்டு பக்கத்தில்.

[இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. பல நாள் நின்றது.]

6

என் தங்கை உதிரிபாகக் கடை வைத்திருக்கிறாள். நான் எழுதியதைப் போனில் படித்துக் காட்டுவேன், அவள் வியாபாரத்துக்கு நடுவில் கேட்பாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அந்த லிவருக்கு எதுக்கு ஒரு ஆளு?"

"அவரு முன்னாடி நின்னு சுத்துறாருல்ல. லிவர் பக்கத்துல இருக்கு, எட்டாது."

"ஒரு கயித்தைக் கட்டி முன்னாடி இழுத்து வச்சா வேலை முடிஞ்சுது. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் வச்சிருக்காங்க."

"ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்குமே."

"பல்லு எதுக்கு இருக்கு? கடிச்சு இழுப்பாங்க." பிறகு யாரிடமோ, "அண்ணே, நீங்க சொல்ற விலைக்குப் பொம்மை டிராக்டருக்குத்தான் பெல்ட் கிடைக்கும்" என்றாள். "என்னக்கா பேச்சையே காணோம்? கதை படுத்துடுச்சா?"

"இல்ல. இத்தனை வருஷமா அந்த ஆளு ஏன் கயிறு கட்டல?"

"அத நீதான் சொல்லணும். நீதானே எழுதுற." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அத்தான் போன் பண்ணாரா?"

"இல்ல."

"நீ கெளம்பறப்போ என்னதான் சொன்னாரு?"

"அங்க வெளிச்சம் நல்லா இருக்குமான்னு கேட்டாரு."

கடைக்குள் ஒரு இரும்பு எங்கேயோ விழுந்து உருண்டது.

"சரி, வை" என்றாள். "மொதல்ல டிராக்டரக் கிளப்பு."

* அவள் சொன்னதில் பாதியை இங்கே எழுதவில்லை. தங்கைகளுக்கு அந்த உரிமை உண்டு. வாசகருக்கு அது வேண்டாம்.

அன்று மாலை முழுவதும் அந்தக் கயிற்றைப் பற்றியே யோசித்தேன். அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் கட்டவில்லை என்றால், உறைகிற ஒவ்வொரு காலையிலும் அவள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இருந்திருக்கிறான். அதற்குப் பெயர் [எழுதவில்லை. அவன் சொல்லாததை அவனுக்காக நான் சொல்லிவிட்டால், இத்தனை நேரம் இவர்களைக் குளிரில் நிறுத்தி வைத்ததற்கு என்ன பொருள்?]

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது தோன்றியது. நூலும் நாடாவுமாகப் பிழைக்கிறவள் அவள். அவளுக்கு மட்டும் தெரியாதா?

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மகாராணி கிளம்பிவிடுகிறாள். பஸ்ஸின் ஜன்னலில் நீலக் கோட், பனியில் கையசைக்கும் ஆண். தங்கை கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கு இவ்வளவு வெந்நீர்?" என்றாள்.

இன்னொன்று. கிளம்பவில்லை. பஸ் போய்விடுகிறது. அவள் வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றுகிறாள். இதை எழுத உட்கார்ந்தபோது அவள் விரல் முதல் பொத்தானுக்கு மேல் நகரவே இல்லை. நான் எவ்வளவோ கெஞ்சினேன். கண்ணாடி முன்னால் அப்படியே நின்றாள், என்னைப் பார்த்தபடி.

மூன்றாவதாக, அந்த வழியே வேறொரு வண்டி வருவதாக [வெட்கமாக இருக்கிறது. விடுங்கள்.]

முடிவுகளை எல்லாம் மூடிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இருவரும் கொட்டகையில் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். தணல் சாம்பல் பூத்திருந்தது. வெந்நீரின் சூடு இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

அவள் லிவரிலிருந்து கையை எடுத்தாள். தன் பெட்டியிடம் போய், பூட்டைத் திறந்து, ஒரு சுருள் வெள்ளை நாடாவை எடுத்து வந்தாள். லிவரில் முடிச்சுப் போட்டாள். இன்ஜின் மூடியின் ஓரமாக நாடாவை நடத்திக்கொண்டுவந்து, ஒரு போல்ட்டைச் சுற்றித் திருப்பி, முன்பக்கம் அவன் நிற்கும் இடத்தில் முனையைத் தொங்கவிட்டாள். இழுத்துப் பார்த்தாள். லிவர் பணிவாக இறங்கியது. மறுபடி தூக்கி வைத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கயிறு கட்டலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றான்.

"எனக்குந்தான்."

இருவரும் மகாராணியின் மூக்கைப் பார்த்தார்கள். வேறெங்கே பார்ப்பது?

"பல்லால கடிச்சுக்குங்க" என்றாள். "வேகம் வந்ததும் தலைய ஒரு வெட்டு வெட்டினாப் போதும்."

"வாயில இத வச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

"இவ்வளவு நாளு பேசிக் கிழிச்சுட்டீங்க."

அவன் நாடாவை வாயில் வைத்தான். புது நாடாவின் கஞ்சி ருசி. கொஞ்சம் தையல் சாக்பீஸ் ருசி. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தான். குனிந்தான். பிறகு நிமிர்ந்து, நாடாவை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏறி உக்காரு" என்றான். "மிஷின் மேல ஒரு கை வச்சுக்க, பள்ளத்துல குதிக்கும். போ. இத நான் பாத்துக்கறேன்."

அவள் டிராக்டருக்குப் பின்னால் கோத்திருந்த டிரெய்லரில் ஏறினாள். தையல் மிஷினை ஒட்டி, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒரு கை மிஷின் மேல் இருந்தது. இன்னொரு கைக்கு வேலை இல்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டுக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எதிரே பாதை தெரிந்தது. வெள்ளையாக, மேடு எது பள்ளம் எது என்று தெரியாமல். பெரிய சாலையின் பக்கம் வானம் சாம்பல் நிறத்திலிருந்து வெளுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் ஹேண்டில் நகர்ந்தது. முதல் சுற்று, கல்லை இழுப்பதுபோல. இரண்டாவது கொஞ்சம் இளகியது. அதற்குப் பிறகு சுற்றுகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கின. இந்தத் தடவை அவன் தோளில் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் போட்டிருந்தான். அதை அவளால் பார்க்காமலே கேட்க முடிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது.

நான் இங்கேதான் தூங்கிப்போனேன். அதனால் இதற்கு மேல் நீங்கள்தான் விழித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருங்கள். தாளின் சரசரப்பில் கேட்காமல் போய்விடும்.